அஞ்சல் பெட்டி வெறுமையாகத் தோன்றினால்

விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனை ஒட்டிச் சங்க அலுவலகங்கள் பலவும் தங்கள் கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றி வருகின்றன. மாற்றம் முடிந்த மறுநாள் காலையில் குமாஸ்தா அஞ்சல் நிரலைத் திறக்கிறார். பல்லாண்டுக் கடிதங்கள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. “உங்கள் பெயர் என்ன, முகவரி என்ன?” என்று நிரலானது புதியவரைக் கேட்பது போல் கேட்கிறது. அப்போது செய்ய வேண்டியது யாது, செய்யாதிருக்க வேண்டியது யாது என்பதே இம்மாதப் பாடம்.

நாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுவோம். ஒரு நெசவாளர் சங்கம் 60 சேலைகளை நெய்து வெளியூர் வியாபாரி ஒருவருக்கு அனுப்பியது. கரையின் நிறம் தாம் எழுதியபடி இல்லை என்று கூறி அவர் அத்தனையையும் திருப்பிவிட்டார். நிறத்தைக் குறித்து அவர் எழுதிய கடிதமோ சங்கத்தின் பழைய அஞ்சலில் இருந்தது. கணினியை மாற்றி அன்றோடு ஒன்பது நாள். தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் நிரல் வெறுமையாகத் தோன்றவே, குமாஸ்தா அதில் சங்க முகவரியைப் புதிதாகப் பதிந்து வேலை நடத்தி வந்தார். பழையன அழிந்தன என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். நெய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்று. கடிதம் அகப்படாவிடில் நட்டம் முழுவதும் சங்கத்தையே சாரும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். நிரல் வேறு, அதற்குள் நாம் இட்டுவைத்த அமைப்பு வேறு. தறியிலிருந்து முடிந்த பாவை அறுத்தெடுக்கும்போது அச்சில் பழைய இழைகளின் நுனிகளை விட்டுவைக்கிறோம் அல்லவா? புதுப் பாவின் இழைகளை அந்நுனிகளோடு பிணைத்தால் வேலை முடிந்தது. நுனிகளையும் உருவி எறிந்துவிட்டால் ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். தண்டர்பேர்டில் அந்த நுனிகளுக்கு ஒப்பானது ப்ரொஃபைல் என்னும் ஃபோல்டர். முகவரி, சர்வரின் பெயர், போர்ட் எண், கடவுச்சொல், கடிதங்கள் ஆகிய யாவும் அதனுள் அடக்கம். நிரலை நீக்கிப் புதிதாக நிறுவினாலும் ப்ரொஃபைல் பெரும்பாலும் தன் இடத்திலேயே கிடக்கும். புதிய நிரலுக்கு அதன் இருப்பிடம் தெரியவில்லை என்பதே பல சமயங்களில் உண்மையான குறை.

கடிதங்கள் சர்வரில் இருக்கின்றனவா, நம் கணினியில் மட்டும் இருக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. ஐமேப் முறையில் அவை சர்வரிலேயே தங்குகின்றன. அமைப்பைத் திரும்ப எழுதினால் கடிதங்கள் தாமே வந்து சேரும். பாப் முறையில் அவை கணினிக்கு இறங்குகின்றன. சர்வரில் ஒரு படி இருக்கட்டும் என்று குறித்து வைக்காதவர்களுக்கு அங்கே எதுவும் எஞ்சியிராது. மேற்சொன்ன சங்கம் பாப் முறையைக் கையாண்ட சங்கம். அதனாலேதான் அத்தனை கலக்கம்.

ஆகவே முதற்காரியம், கையை எடுத்துவிடுவது. இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் முதலிய துப்புரவு வேலைகளில் இறங்கலாகாது. புதிய விண்டோஸ் நிறுவப்படும்போது, வட்டு முழுவதையும் அழித்து எழுதாதவரையில், பழையது விண்டோஸ்.ஓல்டு என்ற பெயரில் சி டிரைவில் ஒதுக்கி வைக்கப்படுகிறது. பத்து நாள் கழிந்ததும் கணினி அதனைத் தானே நீக்கிவிடும். நாம் கண்ட சங்கத்தில் எஞ்சியிருந்தது ஒரே நாள்.

முதலில் எளிய இடத்தில் தேடலாம். 2019-இல் வெளிவந்த 68-ஆம் பதிப்பு முதல் தண்டர்பேர்டானது, நிறுவப்படும் இடம் மாறினால் தனக்கென ஒரு புது ப்ரொஃபைலைத் தொடங்கிக்கொள்கிறது. பழையது பக்கத்திலேயே இருக்கும். உதவிப் பட்டியலில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்னும் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ப்ரொஃபைல்கள் இணைப்பைத் தொட்டால் எல்லாம் வரிசையாகத் தெரியும். பழையதை இயல்பானதாகக் குறித்து நிரலை மூடித் திறந்தால் போதும். பலருக்கு இவ்வளவிலேயே காரியம் முடிந்துவிடும்.

அங்கே காணாதபோது விண்டோஸ்.ஓல்டில் இறங்க வேண்டும். அதனுள் யூசர்ஸ், பிறகு நம் பயனர் பெயர், பிறகு ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்டு, ப்ரொஃபைல்ஸ் என்று ஒன்றனுள் ஒன்றாகச் செல்க. ஆப்டேட்டா மறைத்து வைக்கப்படும் ஃபோல்டராதலால், மறைந்தவற்றைக் காட்டும்படி வியூ பட்டியலில் குறித்தாலன்றிக் கண்ணுக்குத் தெரியாது. கணினி பழுது பார்ப்போரில் சிலர் “ஒன்றுமில்லை” என்று கையை விரித்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ப்ரொஃபைல்ஸில் பொருளற்ற எழுத்துக்களால் தொடங்கும் பெயருடைய ஃபோல்டர்கள் இருக்கும். அளவிற் பெரியதாய், உள்ளே மெயில் என்னும் ஃபோல்டரை உடையதாய் இருப்பதே நாம் தேடுவது.

கிடைத்தவுடன் அதனை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் படியெடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு தண்டர்பேர்டின் மிகப் புதிய பதிப்பை நிறுவிக்கொள்க. புதிய பதிப்பு கையாண்ட ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும். நிரலை மூடிவிட்டு, படியெடுத்த ஃபோல்டரைப் புதிய விண்டோஸின் ப்ரொஃபைல்ஸ் ஃபோல்டரில் இட்டு, மேற்சொன்ன பக்கத்தில் புது ப்ரொஃபைல் தொடங்கும்போது அந்த ஃபோல்டரையே சுட்டிக்காட்ட வேண்டும். ஃபோல்டரிலிருந்து சில கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தல் கூடாது. சேமித்த கடவுச்சொற்கள் இரண்டு கோப்புகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது.

சங்கத்தின் கடிதங்கள் இவ்வாறு அன்று மாலையே திரும்பின. நிறத்தைப் பற்றிய கடிதம் ஒன்றன்று, இரண்டு. முதற்கடிதத்தில் 60-க்கும் அரக்குக் கரை என்றிருந்தது. நான்கு நாள் கழித்து வந்த இரண்டாவதில் 20 சேலைகளுக்கு மட்டும் மாம்பழ நிறம் வேண்டும் என்று கண்டிருந்தது. அதனை யாரும் தறிக்குத் தெரிவிக்கவில்லை. 40 சேலைகளை வியாபாரி ஏற்றுக்கொண்டார்; 20 சங்கத்திலேயே தங்கின. கூட்டத்தில் சிலர் முகம் வாடியது உண்மை. எனினும், ஊகத்தின்மேல் வழக்காடாமல் கணக்கைத் தீர்க்க முடிந்தது.

ப்ரொஃபைல் எங்கும் அகப்படாதவர்கள் அமைப்பைக் கையால் எழுத வேண்டும். கடிதம் பெறுவதற்கு ஐமேப் முறையில் போர்ட் எண் 993, பாப் முறையில் 995. அனுப்புவதற்கு 465 அல்லது 587. ஜிமெயில் முகவரி உடையோர் கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால் திகைக்க வேண்டா. வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு பிற நிரல்கள் நுழைவதைத் தனியார் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அமைப்பில் ஓஆத் 2 என்னும் முறையைத் தெரிந்தெடுத்தால், ஒரு சாளரம் திறந்து நேராக கூகுளிடமே அனுமதி கேட்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குரிய கைபேசி, விலகிச் சென்ற பழைய குமாஸ்தாவின் சட்டைப்பையில் இருந்தால் இவ்விடத்தில் வேலை நின்றுவிடும். அந்தக் கைபேசி எண் செயலாளர் பொறுப்பில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்வது நலம்.

எல்லாம் கூடிய பின்னர், சங்க முகவரிக்கே ஒரு கடிதம் அனுப்பி, போவதும் வருவதும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இடைப்பட்ட ஒன்பது நாட்களில் வந்த கடிதங்கள் குமாஸ்தா தொடங்கிய புது ப்ரொஃபைலில் இருக்குமாதலால் அதனையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். விண்டோஸ்.ஓல்டை நாம் நீக்க வேண்டியதில்லை. நாள் வந்ததும் அது தானே போய்விடும்.