சிறு நிலத்தில் எழுந்த தேவாலயம்

லண்டன் மாநகரின் நடுவே மார்கரெட் தெரு என்றொரு குறுகிய தெரு உண்டு. அங்கே அனைத்துப் புனிதர் தேவாலயம் அமைந்துள்ளது. அதன் மனை மிகச் சிறியது. நீளமும் அகலமும் ஏறத்தாழ 100 அடியே.

1833இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சமய இயக்கம் தோன்றியது. இங்கிலாந்துத் திருச்சபை தன் பழைய வழிபாட்டு மரபுகளை மறத்தல் ஆகாது என்பது அதன் கொள்கை. அவ்வழி வந்தோர் ஆங்கிலோ-கத்தோலிக்கர் எனப்பட்டனர். தூபம், மெழுகுவர்த்தி, அழகிய பூசை உடை ஆகியவற்றை அவர்கள் மீண்டும் வழிபாட்டில் சேர்த்தனர். இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1874இல் நாடாளுமன்றம் இத்தகைய சடங்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. குருமார் சிலர் சிறையும் சென்றனர்.

இவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான பூசி என்பார், 1850இல் இத்தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1859இல் அது வழிபாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் வில்லியம் பட்டர்ஃபீல்டு என்னும் கட்டடக் கலைஞர்.

சிறிய மனையில் தேவாலயம், குருமார் இல்லம், பாடகர் பள்ளி ஆகிய மூன்றும் அமைய வேண்டும். எனவே, நடுவில் சிறு முற்றம் விட்டு, அதனைச் சூழ மூன்றையும் அவர் எழுப்பினார். பக்கவாட்டில் பரவ இடமில்லை. ஆகவே கட்டடம் மேல்நோக்கி வளர்ந்தது. அதன் கூர்ங்கோபுரம் 227 அடி உயரமுடையது.

அக்காலத்தில் சிறந்த தேவாலயத்திற்குக் கல்லே ஏற்றது என்று பலர் எண்ணினர். பட்டர்ஃபீல்டோ எளிய செங்கல்லைத் தேர்ந்தார். செந்நிறச் சுவரில் கருநிறச் செங்கற்களை வரிவரியாகப் பதித்தார். சுவரின் அழகு மேற்பூச்சால் வந்ததன்று. செங்கல்லின் நிறத்தாலேயே வந்தது.

அண்டைக் கட்டடங்கள் நெருங்கி நின்றமையால், பலிபீடத்தின் பின்சுவரில் சாளரம் வைக்க இயலவில்லை. அக்குறையே நிறைவாயிற்று! அச்சுவர் முழுவதும் புனிதர்களின் ஓவியங்கள் இடம்பெற்றன. வடசுவரை வண்ண ஓடுகளால் ஆன சித்திரங்கள் அணி செய்கின்றன.

மும்பை கொலாபாவிலுள்ள ஆப்கன் தேவாலயத்தின் உள்ளலங்காரத்திலும் பட்டர்ஃபீல்டின் கைவண்ணத்தைக் காணலாம். மும்பையில் வாழும் மாணவர்கள் அதனை நேரில் கண்டு மகிழலாம்.

இடம் சிறிதாயினும் எண்ணம் பெரிதாயின், படைப்பும் பெரிதாகும்.

சொற்பொருள்
மனை – கட்டடம் கட்டும் நிலம்
சாளரம் – சன்னல்
அண்டை – பக்கம்
மரபு – வழிவழியாக வரும் பழக்கம்

பயிற்சி
1. கட்டடம் மேல்நோக்கி வளர்ந்தது ஏன்?
2. 'அக்குறையே நிறைவாயிற்று' – விளக்குக.
3. பிரித்து எழுதுக: அடிக்கல், கைவண்ணம்.
4. பிற ஊருக்குச் சென்ற பின்னும் உங்கள் குடும்பத்தார் விடாமல் காத்துவரும் மரபு ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.