கொல்லைக் கோழிக்கு அடுக்களை மிச்சம்: முக்கியக் குறிப்புகள்

(டிஎன்பிஎஸ்சி, கால்நடைத் துறைத் தேர்வுகளுக்குப் படிப்போருக்கு)

கோழிக்கு ஆகாத உணவு எது என்று கேட்டால் வழிகாட்டி நூல்கள் அவகேடோ, சாக்லேட் என்றுதான் தொடங்கும். சென்னை அபிராமபுரத்து அடுக்களையில் இவை இரண்டும் மாதத்தில் எத்தனை நாள் மீந்துபோகும்? இங்கே கோழியைப் படுக்கவைப்பவை உப்பும் பூஞ்சையும்தான். ஆகவே இந்தக் குறிப்புகளிலும் அவற்றுக்கே இடம் அதிகம்.

அடிப்படை

• அறிவியல் பெயர் காலஸ் காலஸ் டொமஸ்டிகஸ். மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அடைகாக்கும் காலம் 21 நாள்.

• கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய தீனி முதலில் தீனிப்பையில் ஊறும். பிறகு சுரப்பு இரைப்பை, அதன் பின் அரைவைப்பை. வரிசையை மாற்றிக் கொடுத்துக் கேட்பார்கள், கவனம். அரைவைப்பையில் அரைப்பதற்குச் சிறு கற்கள் வேண்டும். மண்ணையே மிதிக்காத மொட்டை மாடிக் கோழிக்கு அதை நாம்தான் தனியாக வைக்க வேண்டும்.

• முட்டையிடும் கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். கொறிக்கத் தருவது இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்படிப் பார்த்தால் ஒரு கோழிக்கு வருவது ஒரு மேசைக்கரண்டி அளவுதான். மீதிச் சாம்பார் சாதத்தை அப்படியே கவிழ்த்தால், கோழி அதில் வயிறு நிறைந்து தீவனத்தைத் தொடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். சாதத்தில் இரண்டும் அந்த அளவுக்குக் கிடையாது.

• பக்கத்து நந்தனத்துக்கும் கோழிக்கும் உறவு உண்டு. அங்கே இயங்கிய கோழியின ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால்தான் ‘நந்தனம் கோழி’ இனங்கள் அழைக்கப்படுகின்றன. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இல் அமைந்தது, தலைமையிடம் மாதவரம்.

மீந்த சோறும் நோபல் பரிசும்

• உயிரியல், வரலாறு இரண்டிலும் கேட்கத் தகுந்த பகுதி. டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ராணுவ மருத்துவமனையோடு சேர்ந்த ஆய்வகத்தில் பெரிபெரி நோயின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். 1889-இல் ஆய்வகத்துக் கோழிகள் கால் தளர்ந்து, நடக்க முடியாமல் விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்ததில், பராமரித்தவர் சிக்கனத்துக்காக மருத்துவமனைச் சமையலறையில் மீந்த, நன்கு தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைப் போட்டு வந்தது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்துச் சோறு சிவிலியன் கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். கோழிகள் மறுபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பிப் பிழைத்தன.

• அரிசியைத் தீட்டியதில் இழந்தது தவிட்டில் இருந்த தயமின், அதாவது வைட்டமின் பி1. ‘வைட்டமின்’ என்ற பெயரைத் தந்தவர் காசிமிர் ஃபங்க், 1912. தயமினைப் பிரித்தெடுத்தவர்கள் ஜான்சன், டோனாத், 1926. ஐக்மனுக்கு நோபல் 1929-இல். பகிர்ந்தவர் கௌலண்ட் ஹாப்கின்ஸ். தேர்வில் ஃபங்கையும் ஐக்மனையும் மாற்றிப் போடுவது வாடிக்கை.

• ஆக, பழைய சோறு விஷமல்ல. நீரைப் பிழிந்து ஒரு பிடி போடலாம். அதுவே மூன்று வேளைத் தீனி என்றால்தான் வம்பு.

உப்பும் பூஞ்சையும்

• அப்பளம், வடாம், ஊறுகாய், மிக்சர், கருவாடு: எதுவும் வேண்டாம். அதிக உப்பு சேர்ந்தால் தீராத தாகம், நீராய்க் கழிச்சல், வயிற்றில் நீர் கோத்தல் எல்லாம் வரும். குஞ்சுகளுக்குச் சிறுநீரகம் முழு வலுப்பெறாததால் ஆபத்து இன்னும் கூடுதல். சித்திரை வெயிலில் மாடித் தொட்டி காய்ந்து கிடக்கும் நாளில் அதே அளவு உப்பு பல மடங்கு கெடுதல் செய்யும்.

• பூசணம் பிடித்த ரொட்டி, வேர்க்கடலை, புண்ணாக்கு. இவற்றில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அஃப்ளடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் தெரியாமல் அப்போது வைத்த பெயர் ‘டர்க்கி எக்ஸ்’ நோய். தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. தாக்கும் உறுப்பு கல்லீரல். வகைகளில் கொடியது பி1. (வைட்டமின் பி1-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பூசணத்தைச் சுரண்டிவிட்டாலும் சுடவைத்தாலும் பயனில்லை, சாதாரணச் சமையல் சூட்டில் இந்த நஞ்சு அழியாது. ஐப்பசி ஈரத்தில் சென்னையில் எந்தப் பண்டமும் இரண்டு நாள் தாங்காது.

நஞ்சும் பெயரும் (பொருத்துக வகைக்கு)

• அவகேடோ: பெர்சின். சாக்லேட்: தியோபுரோமின். காபித்தூள் சக்கை, டீத்தூள்: காஃபின். பச்சை ஏறிய உருளைக்கிழங்கு: சொலனின். ஆப்பிள் விதை: அமிக்டலின். பச்சை மரவள்ளி: லினமாரின், அதிலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன் சயனைடு. வேகாத ராஜ்மா: பைட்டோஹீமக்ளூட்டினின், ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவைத்தால் நீங்கும், இளஞ்சூட்டில் நீங்காது.

• வெங்காயம் நிறையத் தின்றால் சிவப்பணு சிதைந்து ரத்தசோகை வரும். கூட்டில் கிடக்கும் இரண்டு துண்டுக்குப் பதற வேண்டாம்.

பயமின்றித் தரக்கூடியவை

• முருங்கைக்கீரை, அகத்தி, வெள்ளரித் தோல், தர்பூசணித் தோல், பூசணிக் குடல், முளைகட்டிய பயறு, உப்பிடாமல் வேகவைத்த கொண்டைக்கடலை. நவராத்திரியில் சுண்டலைத் தாளிக்கும் முன்பே ஒரு பிடி எடுத்துவைத்தால் போதும். பாலக்கில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை அளவோடு தரவும். மஞ்சள் கருவின் நிறம் கரோட்டினாய்டுகளால் வருவது. கோழியால் அவற்றை உடலில் ஆக்க முடியாது, கீரை போன்ற தீனியிலிருந்தே பெற வேண்டும்.

• மந்தைவெளியில் வாங்கிய கீரைக்கட்டை அப்படியே போடாதீர்கள். கட்டியிருக்கும் ரப்பர் பேண்டைப் புழு என்று நினைத்து ஒரே இழுப்பில் விழுங்கிவிடும். நீண்ட வாழைநாரும் தீனிப்பையில் சுருண்டு அடைக்கும். தண்டை விரல்கணு நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள்.

• முட்டை ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். ஓட்டைக் காயவைத்து, வறுத்து, பொடித்துத் தரலாம். முட்டை வடிவம் தெரியும்படி போட்டால் சொந்த முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

• மிளகாய்க்குப் பயமில்லை. கேப்சைசினை உணரும் டிஆர்பிவி1 ஏற்பியைக் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ் (நோபல் 2021, ஆர்டெம் படபூட்டியனுடன்). பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்கு அசைவதில்லை. ரசச் சக்கையில் கோழிக்குக் கெடுதல் உப்புதான், காரமல்ல.

பிற

• பிரிட்டனில் வீட்டுச் சமையலறைக் கழிவைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி தடை. 2001-இல் பரவிய கோமாரி நோய், காய்ச்சாத எச்சிற்கழிவு தின்ற பன்றிகளிலிருந்து கிளம்பியது என்று அறியப்பட்ட பின் விதிகள் இறுகின. விலக்கு, பால் உட்பட விலங்குப் பொருளே நுழையாத சமையலறைக்கு மட்டும். நெய்யும் தயிரும் புழங்கும் நம் சைவ அடுக்களை அங்கே தேறாது.

• வனராஜா, கிராமப்பிரியா கோழி இனங்கள் உருவானது: ஐதராபாத். கிரிராஜா: பெங்களூரு. மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிறுவனம்: இசத்நகர். கடக்நாத்: மத்தியப் பிரதேசம், புவிசார் குறியீடு 2018.

• ராணிக்கெட் நோய் எனப்படும் வெள்ளைக் கழிச்சலுக்குக் காரணம் வைரஸ். இந்தியாவில் 1927-இல் உத்தராகண்டின் ராணிக்கெட்டில் அறியப்பட்டது. தீனி மாற்றத்தால் வரும் கழிச்சலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

• போட்டதை அரைமணி நேரத்தில் தின்று முடிக்காவிட்டால் மீதியை வாரிவிட வேண்டும். இரவில் விட்டுவைத்தால் பெருச்சாளி வரும். எலி இனத்தின் சிறுநீரால் மனிதருக்குப் பரவும் எலிக்காய்ச்சலுக்குக் காரணி லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா.