ஓடுகிற ட்ரக்டர் ஏன் உடனே நிற்பதில்லை?

தள்ளுவண்டியைத் தள்ளாமல் விட்டால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. இதைப் பார்த்து, ஓடுகிற சாமான் எதுவும் தானாகவே நின்றுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியல்ல. தானாக எதுவும் நிற்பதில்லை, வேறொன்றுதான் அதை நிறுத்துகிறது. இத்தாலி நாட்டு கலிலியோ இதை விளங்கிக்கொண்டார். 1687 இல் ஐசக் நியூட்டன் இதை விதியாகவே எழுதி வைத்தார். நிற்கிற பொருள் நின்றபடியும், ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடியபடியும் இருக்கப் பார்க்கும். இந்தக் குணத்துக்குச் சடத்துவம் என்று பெயர். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்திலும் இது உண்டு, கேட்டுப் பாருங்கள்.

வண்டியை நிறுத்துவது உராய்வு. பிரேக் சில்லைப் பிடிக்கும், சில்லு ரோட்டைப் பிடிக்க வேண்டும். மழை பெய்து, சேறும் பாசியும் இருந்தால் ரோட்டில் பிடி குறைந்துவிடும். அப்போது பிரேக் நல்லதாயிருந்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 20 கிலோமீற்றர் வேகத்தில் 3 மீற்றரில் நிற்கிற வண்டிக்கு, 40 இல் 12 மீற்றர் வேண்டும். இறக்கமென்றால் இன்னும் கூடும்.

டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். நாம் இதை ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டோம். சின்ன கியரில் இறக்கினால் எஞ்சினும் சேர்ந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான். நெடுக மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பிடிக்காமலே போய்விடும்.

ட்ரெய்லரில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கும் சடத்துவம் உண்டு, மறந்துவிடாதீர்கள். வண்டி சட்டென்று நின்றாலும் நம் உடம்பு பழைய வேகத்திலேயே முன்னால் போகும். 36 கிலோமீற்றர் வேகத்தில் போய் மோதுவது, 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஓடும் வண்டியிலிருந்து குதித்தால் கால் மண்ணில் நின்றுவிடும், மேல் உடம்பு நிற்காது. கொழுந்துச் சாக்கோடு இறக்கத்தில் ஓடுகிற அக்காமாருக்கும் இதே கதைதான். கால் நிற்கும், முதுகுப் பாரம் தள்ளிக்கொண்டு போகும்.

சாய்வில் வண்டியை நிறுத்தினால் கைப்பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். கீழ்ப்பக்கத்துச் சில்லுக்குக் கட்டை கொடுங்கள். உருளத் தொடங்கிய ட்ரெய்லரை எந்த ஆளாலும் கைகொடுத்து நிறுத்த முடியாது.