புளி மூட்டையும் அரசு அமைப்புகளும்

சில ஆண்டுகளுக்கு முன் நாட்றாம்பாளையம் பக்கத்திலிருந்து நாம் ஏற்றி அனுப்பிய ஒரு லோடு புளியை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். எடைச்சீட்டு இருந்தது, பணம் கொடுத்த ரசீதும் இருந்தது. மரம் யாருடையது என்பதற்கு மட்டும் சான்று இல்லை. இரண்டு இரவு வண்டி நின்றது. இரண்டாம் இரவு மழை. தார்ப்பாய் ஒழுகிப் பதினொரு மூட்டை நனைந்து கறுத்தது. கெடுபிடி என்று அன்று கோபப்பட்டோம். பிறகு விசாரித்ததில் பாதித் தவறு நம்முடையது என்று தெரிந்தது.

வேளாண்மை, மீன்வளம், வனம் ஆகிய துறைகள் நேராக நம் கடைக்கு வருவது குறைவு. சட்டமும் கொள்கையும் துறையிடம் இருக்கும். நமக்குச் சீட்டு கொடுப்பதும் கட்டணம் வாங்குவதும் பெரும்பாலும் அதனோடு இணைந்த வாரியம், கழகம், குழு, சங்கம் ஆகியவைதான். எந்தச் சரக்குக்கு எந்த அமைப்பு என்று தெரியாததால்தான் நாம் அலைகிறோம்.

புளியையே எடுத்துக்கொள்வோம். பட்டா நிலத்து மரமென்றால் அது விவசாயியின் சொந்த விளைச்சல். சிட்டா, அடங்கல் நகலும், மரம் அவர் நிலத்தில் உள்ளது என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றும் வண்டியோடு போகட்டும். சாலையோர மரம், புறம்போக்கு மரம் என்றால் ஏலம் எடுத்தவரிடம் ஏல ரசீது இருக்க வேண்டும். காட்டு மரத்துப் புளி என்றால் கதை வேறு. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம் அங்கே நிற்கிறது. அஞ்செட்டி வட்டாரத்துக் காடுகள் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியவை என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றும் ஒரே சாக்கில், ஒரே நிறத்தில் வருகின்றன. சாக்கைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. காகிதம்தான் சொல்ல வேண்டும்.

காட்டுப் பொருள் என்றதும் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், உரிமை பெற்ற பழங்குடியினரும் பிற வனவாசிகளும் சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் இடம் தருகிறது. 2012-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அவற்றை எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் கீழ் உள்ள குழுவே கொடுக்கலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது. பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. மத்தியில் டிரைபெட் என்ற அமைப்பு 1987 முதல் இருக்கிறது. சிறு வனப்பொருளுக்கு ஆதரவு விலை 2013-14-இல் வந்தது. கொட்டையுள்ள புளிக்கு 2020-இல் கிலோவுக்கு 36 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்குக் கீழே அடித்துப் பேசி வாங்குவது வியாபாரத் திறமை ஆகாது என்பது நம் கருத்து. சந்தனம் மட்டும் தனி; அதைத் தொடவே வேண்டாம்.

உலர் புளிக்கு ஜி.எஸ்.டி. 2019 அக்டோபர் முதல் இல்லை. வரி போனதும் பில் போடும் பழக்கமும் சிலரிடம் போய்விட்டது. அது நல்லதல்ல.

அடுத்தது விற்பனைக்குழு. 1936-இல் திருப்பூரில் பருத்திக்குத் தொடங்கிய ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இன்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. கட்டணம் நூற்றுக்கு ஒரு ரூபாய். எந்தச் சரக்கு அறிவிக்கை செய்யப்பட்டது என்பதை, அண்டை மாவட்டத்து நண்பர் சொன்னார் என்று இருந்துவிடாமல், உள்ளூர்க் குழு அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ராகி நம் பகுதியின் உயிர்ப்பயிர். 1972-இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம் அதை விவசாயியிடமிருந்து நேராக வாங்குகிறது. 2025-26 பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். வியாபாரி சரக்கை விவசாயி பெயரில் கொள்முதல் நிலையத்தில் தள்ளும் வேலை சில இடங்களில் நடப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. அகப்பட்டால் பழி எல்லா வணிகர் மேலும் விழும்.

மீனுக்கு 1974 முதல் மீன்வளர்ச்சிக் கழகம் உள்ளது. பவானிசாகர், சாத்தனூர் போன்ற அணைகளின் மீன் அதன் கையில். கருவாடு விற்கும் மளிகைக்காரர் அதோடு நேரடித் தொடர்பு கொள்ள வேண்டியது அபூர்வம்.

பெங்களூருக்குச் சரக்கு அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம், வேறு மார்க்கெட் கமிட்டி. இங்கே கட்டிய ஒரு ரூபாயை அங்கே காட்டி விலக்குக் கேட்க முடியாது. விலை பேசும்போதே அந்தக் கட்டணம் வாங்குபவர் தலையிலா, நம் தலையிலா என்று முடிவு செய்து, பில்லிலேயே எழுதிவிடுங்கள்.