மார்புச் சுவரில் கட்டி: நாம் அறிய வேண்டியவை

மூட்டை தூக்கும் நம் தொழிலில் விலா வலி புதிதல்ல. பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு கடையைத் திறந்துவிடுகிறோம். ஆனால் அங்கே கட்டி ஒன்று தட்டுப்பட்டு, வாரக்கணக்கில் கரையாமலிருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

12 ஜோடி விலா எலும்புகள், நடுவில் மார்பெலும்பு, இணைக்கும் குருத்தெலும்பு, தசைகள் ஆகியவை சேர்ந்ததே மார்புச் சுவர். இதில் வரும் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல. கொழுப்புக் கட்டி போன்ற சாதாரணக் கட்டிகளும் உண்டு. புற்றுக் கட்டிகளில் சில, நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளிலிருந்து பரவி வருபவை. சில, சுவரிலேயே தோன்றுபவை. இவற்றில் பெரியவர்களுக்கு முக்கியமானது குருத்தெலும்பு வகையான காண்ட்ரோசார்கோமா. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஈவிங் சார்கோமா வரலாம்.

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் கட்டியின் எல்லையைக் காட்டும். என்ன வகை என்று உறுதி செய்யப் பெரும்பாலும் பயாப்ஸி தேவை. குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் மூட்டைக்கு விலை பேசுவோமா? அதுபோல் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதே பயாப்ஸி. "ஊசி பட்டால் பரவிவிடும்" என்று பயந்து பலர் நாள் கடத்துகிறார்கள். முறையாகச் செய்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு. சோதிக்காமல் அவசரமாகக் கட்டியை வெட்டியெடுப்பதுதான் பின்னால் சிக்கலாகும். ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவக் குழுவே பயாப்ஸி எடுக்கும் இடத்தையும் தீர்மானிப்பது நல்லது.

காண்ட்ரோசார்கோமாவுக்கு ஆபரேஷனே பிரதான சிகிச்சை. பெரும்பாலும் கீமோதெரபிக்கு அது கட்டுப்படுவதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல பகுதியையும் ஓரளவு சேர்த்து எடுப்பார்கள். விலா எலும்பு போனால் மூச்சு விடுவது எப்படி என்று குடும்பத்தார் கலங்க வேண்டாம். இடைவெளி பெரிதானால் செயற்கை வலை, எலும்பு சிமெண்ட் போன்றவற்றை வைத்து, அருகிலுள்ள தசையால் மூடுவார்கள். ஈவிங் சார்கோமாவுக்கு முதலில் கீமோதெரபி, பின்னர் ஆபரேஷன் அல்லது கதிர்வீச்சு, சிலருக்கு இரண்டும். பரவி வந்த கட்டிக்கு, அது புறப்பட்ட உறுப்பைப் பொறுத்துச் சிகிச்சை அமையும்.

குடும்பத்தார் கவனத்திற்கு:

1. எந்த வகைக் கட்டி, வேறெங்கும் பரவியுள்ளதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஸ்கேன் படம், பயாப்ஸி அறிக்கை அனைத்தையும் கணக்குப் புத்தகம்போல் பத்திரப்படுத்துங்கள்.

3. பீடி, சிகரெட்டை அறவே நிறுத்தச் செய்யுங்கள். சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சியை விடக்கூடாது.

4. குணமான பின்பும் குறித்த தேதியில் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டி மீண்டும் வரக்கூடும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம். ஒருநாள் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதால் வியாபாரம் கெட்டுவிடாது.