வேலியில் விளையும் களா: வளர்ப்பும் பக்குவமும்

மானாவாரி நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு வேலி ஒரு தீராத செலவாகும். வெட்டிப் போடும் முள்வேலியைக் கரையான் அரித்துவிடுவதால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியுள்ளது. கம்பி வேலிக்குக் கைமுதல் அதிகம். சீமைக் கருவேலை வேலியோரம் விட்டால் அது நிலத்துக்குள்ளும் பரவிவிடும். ஆட்டையும் மாட்டையும் தடுத்து நிறுத்தி, ஆண்டுதோறும் காயும் தரக்கூடிய உயிர்வேலிச் செடி களா ஆகும். களா வேலி உள்ள இடங்களிலும் பெரும்பாலான காய்கள் பழுத்து உதிர்ந்து வீணாகின்றன. எந்தக் காயை எப்போது பறிப்பது, அதை என்ன செய்வது என்று தெரிந்துகொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

செடியின் இயல்பு

களா, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த பசுமை மாறாப் புதர்ச்செடி. கிளையை ஒடித்தாலும் காயைக் கிள்ளினாலும் வெள்ளைப் பால் வடியும். அரளியைப் போல் இதன் காய் நஞ்சன்று, தாராளமாக உண்ணலாம். கவட்டையாகப் பிரிந்த கூரிய முட்கள் இருப்பதால் வேலிக்கு மிகவும் ஏற்றது. வெட்டிவிடாமல் வளர்த்தால் 10 முதல் 12 அடி உயரம் வரை வளரும். வறட்சியை நன்கு தாங்கும். செம்மண், சரளை மண், சுண்ணாம்பு மண், ஓரளவு உவர் மண் ஆகியவற்றிலும் வரும். நீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது.

நாற்றுத் தயாரித்தல்

களா விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறைந்துவிடும். எனவே நன்கு பழுத்த பழங்களிலிருந்து விதையை எடுத்துக் கழுவி, காலம் தாழ்த்தாமல் விதைக்க வேண்டும். மேட்டுப்பாத்தியிலோ, மண், மணல், மக்கிய தொழு எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பிய பைகளிலோ விதைக்கலாம். ஆடி, ஆவணியில் விதைத்த நாற்றை அந்த ஆண்டு மழைக்கே நடக்கூடாது; அது மிக இளசாக இருக்கும். ஓராண்டு வளர்த்து, அடுத்த ஆண்டு புரட்டாசி, ஐப்பசி மழையில் நடுவது நல்லது.

விதைக் கன்றுகளில் செடிக்குச் செடி காயின் பருமனும் நிறமும் மாறுபடும். நல்ல காய் தரும் செடி கண்ணில் பட்டால், மழைக்காலத்தில் அதன் கிளைகளில் விண்பதியன் போட்டுக் கன்று எடுக்கலாம். பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா, கொங்கண் போல்ட் ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்ட இரகங்களாகும்.

நடவு

வேலிக்கு 3 அடி இடைவெளியில், ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழிகளை எடுக்க வேண்டும். குழிக்கு 5 கிலோ மக்கிய தொழு எருவை மேல்மண்ணுடன் கலந்து இட்டு நடவேண்டும். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. இதற்குச் சுமார் 280 கன்றுகள் தேவைப்படும். தனித்தோப்பாக வளர்ப்பதென்றால் 8 முதல் 10 அடி இடைவெளி விடலாம்.

முதல் இரண்டு ஆண்டுகள் மிகவும் முக்கியமானவை. முள் முற்றும் வரை இளந்தளிரை ஆடுகள் கடித்துவிடும். ஆகவே வெளிப்பக்கம் தற்காலிகமாக முள்ளடைப்பு போட்டுக் காக்க வேண்டும். முதல் கோடையில் பத்து நாட்களுக்கு ஒருமுறை குடத்தால் தண்ணீர் ஊற்றினாலும் போதும். வேரூன்றிய பின் மழை நீரே போதுமானது.

கவாத்து செய்யும் காலம்

வேலி அடர்த்தியாக இருக்க வேண்டுமானால் வெட்டிவிட வேண்டும். ஆனால் பூங்கொத்துகள் கிளைகளின் நுனிப்பகுதியில் தோன்றுவதால், பூக்கும் பருவத்துக்குச் சற்று முன் வெட்டினால் அந்த ஆண்டுக் காய் போய்விடும். 'எங்கள் வேலியில் களா காய்ப்பதே இல்லை' என்போர் வெட்டும் மாதத்தைக் கவனிக்க வேண்டும். அறுவடை முடிந்தவுடன் ஒருமுறை மட்டும் வெட்டிவிட்டால் பூப்பதற்குள் புதுக்கிளைகள் வந்துவிடும்.

அறுவடை

நட்ட இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும். காய் பிடித்துச் சுமார் மூன்றரை மாதத்தில் முற்றும். வளர்ந்த தனிச்செடி 4 கிலோ வரை காய் தரும். நெருக்கி வெட்டிய வேலியில் இது குறையும். செடிக்கு ஒரு கிலோ மட்டுமே கிடைத்தாலும் ஓர் ஏக்கர் வேலியிலிருந்து 280 கிலோ கிடைக்கும்.

எல்லாக் காய்களும் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. எனவே இரண்டு மூன்று முறை பறிக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பயன் உண்டு.

1. முற்றிய பச்சைக் காய்: ஊறுகாய்க்கு ஏற்றது. சுமார் ஒரு வாரம் தாங்கும்.
2. சிவக்கத் தொடங்கிய செங்காய்: ஜெல்லிக்கு ஏற்றது. பழச்சாற்றை உறையச் செய்யும் பெக்டின் என்னும் பொருள் இதில் மிகுந்திருக்கும்.
3. கருஞ்சிவப்பாகப் பழுத்தது: அப்படியே உண்ணவும், சாறு எடுக்கவும் உதவும். இரண்டு மூன்று நாட்களே தாங்கும்.

முள் குத்தாமலிருக்க முழுக்கைச் சட்டை அணிந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பறிக்கவும். எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது. கீழே விழுந்து நசுங்கிய பழங்களைப் பறித்த காயுடன் சேர்க்கக்கூடாது. அவை மற்றவற்றையும் அழுகச் செய்யும்.

வீட்டில் பக்குவம் செய்தல்

களாவில் புளிப்பு மிகுதி. எனவே அலுமினியம், செம்பு, இரும்புப் பாத்திரங்களைத் தவிர்த்து எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும்.

ஊறுகாய்: பச்சைக் காய்களைக் கழுவி இரண்டாக வெட்டி விதையை நீக்கவும். உப்புக் கரைத்த நீரில் அரைமணி நேரம் போட்டுவைத்து அலசினால் பால் நீங்கும். ஈரம் உலர்ந்தபின், ஒரு கிலோ காய்க்கு 200 கிராம் உப்பும் 10 கிராம் மஞ்சள் தூளும் கலந்து ஜாடியில் இட்டு, நாள்தோறும் குலுக்கி, நான்கு நாட்கள் வெயிலில் வைக்கவும். பின்னர் 75 கிராம் மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் 15 கிராம், சிறிது பெருங்காயம் சேர்க்கவும். கால் லிட்டர் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றவும். எண்ணெய் எப்போதும் காய்க்கு மேல் நிற்க வேண்டும்.

ஜெல்லி: ஒரு கிலோ செங்காயை நறுக்கி, ஒரு லிட்டர் நீர் விட்டு 20 முதல் 25 நிமிடம் வேகவைக்கவும். மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல் சாற்றை வடிக்கவும். பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். ஆறிய சாற்றில் ஒரு கரண்டி எடுத்து, இரண்டு கரண்டி எரிசாராயம் சேர்த்துப் பார்க்கவும். ஒரே கட்டியாகத் திரண்டால் லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரையும், சில கட்டிகளாகத் திரண்டால் முக்கால் கிலோவும் சேர்க்கலாம். சோதித்த சாறு நஞ்சாகும். அதை உடனே கொட்டிவிட்டு, கரண்டியை நன்கு கழுவ வேண்டும். சாற்றையும் சர்க்கரையையும் நல்ல தீயில் கொதிக்க வைத்து, கரண்டியிலிருந்து சாய்க்கும்போது சொட்டாக விழாமல் தகடுபோல் திரண்டு விழும் பதத்தில் இறக்க வேண்டும். வெப்பமானி இருப்பின் 105 டிகிரி சென்டிகிரேடு காட்டும். வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய பாட்டில்களில் சூடாகவே ஊற்றி மூடவும்.

சர்பத்து: பழுத்த பழங்களைச் சிறிது நீரில் வேகவைத்து வடித்த சாறு ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து இறக்கவும். நீர் கலந்து பருகலாம். வீட்டுக்கு வேண்டிய அளவே செய்வது நல்லது.

விற்பனை

ரொட்டிக் கடைகளில் கேக்கின் மேல் 'செர்ரி' என்று வைக்கப்படும் சிவப்புப் பழம் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றிய களாதான். பச்சைக் காயை வாங்குவோர் உள்ளனர் என்பதற்கு இது ஒரு சான்று. ஊறுகாயும் ஜெல்லியும் செய்து வெளியில் விற்க விரும்புவோர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பறித்த காயைக் கூட்டாகச் சேர்த்து விற்றால் வண்டிச் செலவு குறையும்.

நிலத்தின் ஓர் அடியையும் கூடுதலாக எடுத்துக்கொள்ளாமல், வரப்போரத்திலேயே காவலும் காயும் தருவது களா. விவசாயப் பெருமக்கள் வரும் மழைக்கு ஒரு பக்க வேலியிலாவது இதனை நட்டு, காலமறிந்து வெட்டி, பருவமறிந்து பறித்துப் பயன்பெறலாம்.