மார்புக் கட்டியும் ஹெர்-2 சோதனையும்



மார்பில் கட்டி தென்பட்டும் வெளியே சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. "புத்துநோய்னு தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் அமையுமா?" என்ற பயமே பல வீடுகளில் காரணம். இந்தப் பயம் சரிதானா? பார்ப்போம்.

மரபணு செய்வது என்ன?

இன்ன புரதத்தைச் செய் என்று உயிரணுவுக்குக் கட்டளை இடுவது மரபணு. 17-ஆவது குரோமோசோமில் ஹெர்-2 என்ற மரபணு உள்ளது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று, ஆக இரண்டு பிரதிகள். இதன் புரதம் உயிரணுவின் மேற்புறத்தில் இருந்து, "வளர், பெருகு" என்ற செய்தியை உள்ளே அனுப்புகிறது.

பிசகு எங்கே?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. இரண்டு ஆர்டர் சீட்டு வரவேண்டிய இடத்தில் இருபது வந்தால் சரக்கு மலையாய்க் குவியுமல்லவா? சில கட்டிகளிலும் இதே கதைதான். மரபணுவின் பிரதிகள் பெருகுகின்றன; புரதமும் மிதமிஞ்சுகிறது; கட்டி வேகமாக வளர்கிறது. 100 மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 இவ்வகை. இது நோயின் வேகத்தைக் கூட்டுவதை 1987-இல் அமெரிக்க டாக்டர் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் எடுத்துக்காட்டினர்.

பெண்ணுக்கும் வருமா?

ஹெர்-2 பெருக்கம் கட்டியின் உயிரணுக்களில் மட்டும் பிற்பாடு ஏற்படுவது. தாயிடமிருந்து மகளுக்குப் போவதில்லை. பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பழுது வேறு; அது பரம்பரையாக வரக்கூடும். ஆனால் பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய் 100-க்கு 5 முதல் 10 தான். தாய், அக்காள், தங்கை, சித்தி எனப் பலருக்கு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சோதனையும் மருந்தும்

கட்டியிலிருந்து எடுத்த சிறு சதைத் துணுக்கில் இச்சோதனை நடக்கும். முடிவு 3+ என்றால் புரதம் மிகுதி. 2+ என்றால் சந்தேகம். மரபணுப் பிரதிகளை எண்ணும் 'ஃபிஷ்' சோதனை தேவை. இந்தப் புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் ட்ராஸ்டுஸுமாப் என்ற ஊசிமருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2014-இல் பெங்களூர் பயோகான் கம்பெனியின் மருந்தும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இம்மருந்து இருதயத்தைப் பாதிக்கலாம். ஆகவே இடையிடையே எக்கோ பரிசோதனை அவசியம்.

நீங்கள் செய்யவேண்டியது

கட்டி, தோல் சுருக்கம், காம்பில் இரத்தக் கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே வாருங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்றுநோய்தான் என்றால், "ஹெர்-2 பார்த்தாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மறைப்பதால் மகளுக்கு நன்மை இல்லை. தாய் பிழைத்திருப்பதே மகளுக்குச் சீர்!